3 அடி பவளத் தொட்டிக்கு எந்த எல்இடி? ஒரு பெரிய லைட்டா, இரண்டு சின்ன லைட்டா?

ஆயர் ஈத்தாம் ரீஃப்:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி 90 × 45 × 45 செமீ, கீழே சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). கல், மணல் இடத்தைக் கழித்தால் 150 லிட்டர் தண்ணீர் இருக்கும். உப்பு (ஒப்படர்த்தி) 1.025, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.2 dKH, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06 பிபிஎம். வெப்பம்தான் தொல்லை: காலையில் 28, பிற்பகலில் 29.5 வரை ஏறுகிறது. பகலில் ஏர்கான் போடுவதில்லை.

இப்போது பவளத்தில் ஜோவா மூன்று வகை, மஷ்ரூம், ஒரு ஹேமர் இருக்கின்றன. தொட்டியோடு வந்த 24 வாட் பட்டை லைட்தான் ஓடுகிறது. ஜோவா காம்பு நீண்டு நீண்டு மேலே எட்டுகிறது, ஆகவே வெளிச்சம் போதவில்லை என்று தெரிகிறது. அடுத்து மோன்டிபோரா வைக்க ஆசை, கடைசியில் மேல் கல்லில் ஒன்றிரண்டு அக்ரோபோரா. இரண்டும் வெளிச்சம் கூடுதலாகக் கேட்கும் கல்பவளங்கள்.

மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் ஹைட்ரா 64 மாதிரி ஒரு பெரிய லைட். அல்லது ஏஐ பிரைம் மாதிரி இரண்டு சின்ன லைட். அல்லது இணையக் கடையில் கிடைக்கிற 165 வாட் கறுப்புப் பெட்டி. விலை மற்றதைவிட ரொம்பக் குறைவு. எதை எடுப்பது? எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது? கைப்பேசிச் செயலியில் வெளிச்சத்தை அளந்தால் போதுமா? லைட் கூடினால் சூடு இன்னும் ஏறுமா?

கடல்மல்லி, காஜாங்:

தம்பி, எந்தப் பவளம் எந்த உயரத்தில் உட்காரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். லைட்டை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன பட்டியலை வைத்தே சொல்கிறேன்.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை உணவாக்கி அதற்கு ஊட்டுகிறது. அந்தப் பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவைத்தான் 'பார்' (PAR) என்கிறோம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்ற கணக்கு அது. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை வைத்து லைட் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அந்த வெளிச்சம் எந்த நிறத்தில், எவ்வளவு அகலத்துக்கு, எவ்வளவு ஆழம் போய்ச் சேருகிறது என்பது வாட்டில் தெரியாது.

மஷ்ரூமுக்கு 30 முதல் 80 பார் போதும். அதற்கு மேல் போனால் சுருங்கிக் கல்லைவிட்டு நகரும். ஜோவா 60 முதல் 120. ஹேமர், டார்ச் பவளம் எல்லாம் 80 முதல் 150. மோன்டிபோரா 150 முதல் 250. அக்ரோபோரா 250 முதல் 350. ஆக உங்கள் தொட்டியில் மணல் மட்டத்தில் 70-90, நடுக்கல்லில் 150, மேல் கல்லில் 270 கிடைத்தால் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. 45 செமீ ஆழம் இதற்கு வசதியான ஆழம்.

அடுத்தது பரவல். பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். லென்ஸ் போட்ட சதுர லைட் ஒன்று, தண்ணீருக்கு மேல் 25 செமீ உயரத்தில், சுமார் 60 × 60 செமீ பரப்புக்குத்தான் உருப்படியான வெளிச்சம் தரும். உங்கள் தொட்டி 90 செமீ. நடுவில் ஒரே லைட்டைத் தொங்கவிட்டால் நேர் கீழே 350 பார் அடிக்கும், இரண்டு ஓரத்திலும் 60-க்குக் கீழே இறங்கிவிடும். ஓரத்தைச் சரிக்கட்டச் சதவீதத்தை ஏற்றினால் நடுவில் இருப்பது வெந்துவிடும். உயர்த்திக் கட்டினால் கொஞ்சம் சமனாகும், ஆனால் பாதி வெளிச்சம் தொட்டிக்கு வெளியே சுவரிலும் சோபாவிலும் போய் விழும்.

இன்னொன்று நிழல். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் கிளை விட்ட பவளத்தின் அடிப்பக்கம் இருட்டாகவே கிடக்கும். மேலே வளர வளர, அடிக்கிளையில் சதை பின்வாங்கி எலும்பு வெள்ளையாகத் தெரியும். இரண்டு லைட் இருந்தால் இரண்டு கோணத்திலிருந்தும் வெளிச்சம் விழுந்து அந்த இருட்டைக் குறைக்கும்.

ஆகவே என் பதில் இரண்டு லைட். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் பக்கக் கண்ணாடியிலிருந்து 22-23 செமீ தள்ளி இருக்கட்டும், தண்ணீர் மட்டத்திலிருந்து 22 முதல் 28 செமீ உயரம். முன்பின் திசையில் கல் எங்கே குவிந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே.

கைப்பேசிச் செயலியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் லக்ஸ் அளவைத்தான் மாற்றிச் சொல்கிறது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. 555 நானோமீட்டர் பச்சையில்தான் அதற்கு உச்சம். நம் லைட்டின் உயிரே 450 சுற்றிய நீலம், அதை லக்ஸ் மிகக் குறைத்துக் காட்டும். சூரிய ஒளிக்கு 54 லக்ஸ் ஒரு பார் என்று ஒரு கணக்கு உண்டு, நீல எல்இடிக்கு அது பொருந்தாது. அதை நம்பி ஏற்றினால் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு அடித்துவிடுவீர்கள். அப்போஜி எம்கியூ-510 மாதிரி முழு நிறமாலைக் கருவி ஒன்றை இரண்டு நாளைக்கு வாடகைக்கோ கடனாகவோ வாங்கப் பாருங்கள். கடல்மீன் கடைகளில் சிலர் தருவார்கள், பவளம் வளர்ப்போர் குழுக்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

செராஸ் எஸ்பிஎஸ்:

பரவல் பற்றி அக்கா சொன்னது முழுக்கச் சரி. லைட்டின் பலம் பற்றி மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

பிரைம் போன்ற 50 வாட் சொச்சம் வகையில் இரண்டு போட்டால் ஜோவா, ஹேமர், மோன்டிபோரா வரை நிம்மதி. அக்ரோபோராவை மட்டும் ஒவ்வொரு லைட்டுக்கும் நேர் கீழே, மேல் 12-15 செமீக்குள்தான் வைக்க முடியும். அதற்கும் லைட்டை 80-90 விழுக்காட்டில் ஓட்ட வேண்டி வரும். பினாங்கு வீட்டு அறை வெப்பம் 31-32. அந்தச் சூட்டில் எந்நேரமும் உச்சத்தில் ஓடும் லைட்டின் விசிறி சத்தம் போடும், தூசியும் உப்பும் சீக்கிரம் உள்ளே ஏறும், ஒரு கட்டத்தில் சூடு தாங்காமல் லைட் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்ரோபோரா உறுதியான திட்டம் என்றால் ஹைட்ரா 32 போன்ற 90 வாட் வகையில் இரண்டு எடுத்து 50-60 விழுக்காட்டில் ஓட்டுங்கள். செலவு கூடத்தான். ஆனால் பாதிப் பலத்தில் ஓடும் எல்இடிக்கு ஆயுசு அதிகம். மோன்டிபோராவோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் சின்னது இரண்டே போதும், மிச்சக் காசைச் சில்லருக்கு (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போடுங்கள்.

165 வாட் கறுப்புப் பெட்டி பற்றி. அதில் 3 வாட் எல்இடி 55 இருக்கும், அதனால் அந்தப் பெயர். சுவரில் அது இழுப்பது பெரும்பாலும் 100 முதல் 120 வாட். பவளம் வளராது என்று சொல்ல மாட்டேன், வளரும். குறை வேறு இடத்தில். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி லென்ஸ், நிறங்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் மணலில் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனிப் புள்ளிகள் ஓடும். ஒரே பவளத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் வெள்ளையும் விழும். சாதாரண மாடலில் நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும் வசதி கிடையாது. முதலில் போவது விசிறி. அது நின்றது தெரியாமல் ஓட்டினால் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை) கருகும்.

அதைத்தான் வாங்குவது என்று முடிவானால் 30-35 செமீ உயரத்தில் கட்டுங்கள். வெள்ளை 10-15 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், நீலத்தை 30-இல் தொடங்குங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கம்பி வரும் மாடலாகப் பார்த்து, இரண்டு டைமர் போட்டு நீலத்தை ஒரு மணி நேரம் முன்னதாக எரியவிட்டு ஒரு மணி நேரம் பின்னதாக அணையுங்கள். பவளத்துக்குத் திடீர் அதிர்ச்சி குறையும். 90 செமீக்கு அதிலும் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டின் விலையைக் கூட்டிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய லைட் வாங்கினால், அமெரிக்காவிலிருந்து வந்த சரக்காக இருந்தால் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கண்ணாடியைத் திறந்து எல்இடிப் புள்ளிகளைச் சாய்த்துப் பாருங்கள். கத்தரிப்பூ நிறப் புள்ளிகள்தான் முதலில் மங்கும். மஞ்சளாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் வேண்டாம்.

பட்டர்வொர்த் வயரிங்:

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

90 வாட் லைட் இரண்டை 50 விழுக்காட்டில் ஓட்டினால் மொத்தம் சுமார் 90 வாட். அதில் ஏறக்குறைய பாதிதான் ஒளியாகத் தண்ணீருக்குள் இறங்கும். மீதி மேலே இருக்கும் அலுமினியத் தகடு வழியாக அறைக் காற்றுக்குப் போய்விடும். 45 வாட் ஒரு மணி நேரம் 150 லிட்டரைச் சூடாக்கினால் கால் டிகிரி ஏறும். ஆவியாதலில் அதில் ஒரு பகுதி போய்விடும். ஒரு நாள் முழுக்க லைட்டால் ஏறுவது 1 டிகிரி சுற்றித்தான். இப்போது சம்ப் பம்ப்பைப் பாருங்கள். 50 வாட் பம்ப் தண்ணீருக்குள் 24 மணி நேரமும் ஓடினால் 1.2 யூனிட் வெப்பம். லைட் தண்ணீருக்குள் விடுவது 8 மணி நேரத்துக்கு 0.36 யூனிட். உங்கள் தொட்டியைச் சூடாக்குவது பம்ப்பும் அறைக் காற்றும்தான். ஏசி (மாறுதிசை மின்) பம்ப்பை மாற்றிக் குறைந்த வாட் டிசி (நேர்திசை மின்) பம்ப் போட்டால் கிடைக்கும் குளிர்ச்சி, லைட் நேரத்தைக் குறைத்துக் கிடைக்காது.

ஆனாலும் 29.5-இல் லைட்டை ஏற்றாதீர்கள். வெளிச்சம் மிஞ்சினால் பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி திணறி நச்சு ஆக்சிஜனை உமிழும், பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளும். அதுதான் வெளுப்பு. தண்ணீர் சூடாக இருந்தால் இந்த எல்லை ரொம்பக் கீழே வந்துவிடும். 27 டிகிரியில் தாங்கும் அதே 250 பார், 30 டிகிரியில் வெளுக்க வைக்கலாம். 2010-இல் கடல் சூடேறி பவளம் வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகள் பக்கம் சில முக்குளிப்பு இடங்களையே மூட வேண்டி வந்தது. கடலிலேயே அந்த நிலை என்றால் 150 லிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். முதலில் வெப்பத்தை 26-27-இல் நிறுத்துங்கள், பிறகு லைட்டை மாற்றுங்கள்.

தண்ணீர் மேல் விசிறி வைத்தால் 2 டிகிரி வரை இறங்கும். பினாங்கு காற்றில் ஈரம் அதிகம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஒரு நாளைக்குச் சில லிட்டர் ஆவியாகும், அதை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தானியங்கி நிரப்பி இல்லாமல் விசிறி வைக்காதீர்கள். விசிறிக் காற்று லைட்டை நோக்கிப் போகக் கூடாது, தெறிக்கும் உப்பு முழுக்க லைட்டின் விசிறிக்குள் போய்ச் சேரும். சில்லர் என்றால் 1/10 குதிரைசக்தி இந்தத் தொட்டிக்கு ஓய்வில்லாமல் ஓடும். 1/5 அல்லது 1/4 எடுங்கள். அதை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம், விடும் அனலையே திரும்ப இழுத்துக்கொண்டு குளிராது.

மின் வேலை பற்றி, இதைத் தள்ளிப் போடாதீர்கள். லைட் அடாப்டரை சம்ப் அலமாரிக்குள் வைக்கக் கூடாது. உப்பு ஈரம் முனைகளில் பச்சைக் களிம்பாகப் படிந்து கொஞ்ச நாளில் தொடர்பு போகும், சில சமயம் அதே இடம் கருகும். சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் மாட்டுங்கள். ஒவ்வொரு கம்பியும் சாக்கெட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். கம்பி வழியாக வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு டிபி பெட்டியில் (மின் பகிர்வுப் பெட்டி) ஆர்சிசிபி (மின்கசிவு துண்டிப்பான்) 30 மில்லிஆம்பியரா என்று பாருங்கள். பழைய பிளாட்களில் 100 போட்டிருப்பார்கள், அது ஆளைக் காப்பாற்றப் போதாது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இடி மின்னல் நம் ஊரில் சாதாரணம், ஆகவே மின் எழுச்சித் தடுப்பு உள்ள நீட்டிப்பு சாக்கெட் போடுங்கள், சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரையோடு.

மலிவு லைட்டிலும் சுழல் டைமரிலும் இன்னொரு பிரச்சினை. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் நின்ற இடத்திலிருந்து ஓடும், இல்லையென்றால் பூச்சியத்துக்குப் போய்விடும். நடு இரவில் லைட் எரிந்துகொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் ரீஃப்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. விசிறியும் தானியங்கி நிரப்பியும் போட்டதில் பிற்பகல் 27.4-இல் நிற்கிறது. 90 வாட் வகையில் இரண்டு வாங்கி, கான்கிரீட் கூரையில் ஆணி அடைப்பு போட்டு எஃகுக் கம்பியில் 25 செமீ உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். இன்னும் பவளத்தின் மேல் ஓட்டவில்லை. அளவெடுக்க மட்டும் சில நிமிடம் போட்டேன்.

எம்கியூ-510 வாடகைக்குக் கிடைத்தது. பழைய பட்டை லைட்டில் மேல் கல்லில் 70, ஹேமர் இருக்கும் நடுக்கல்லில் 45, மணலில் 25. புதிய லைட் 50 விழுக்காட்டில் மேல் கல்லில் 265-280, நடுக்கல்லில் 150-160, மணலில் 85-95, மூலைகளில் 60. எண் நிற்காமல் ஆடுகிறது, சராசரியாகத்தான் எழுதினேன். எத்தனை விழுக்காட்டில் தொடங்குவது? ஒரு நாளைக்கு எத்தனை மணி? நிறங்களை எப்படி வைப்பது?

கடல்மல்லி, காஜாங்:

நல்ல எண்கள் தம்பி. மூலையில் 60 என்பது மஷ்ரூமுக்கு அருமையான இடம், அங்கே மாற்றிவிடுங்கள்.

எண் ஆடுவது அலையால். மேல்மட்ட அலை ஒவ்வொன்றும் ஒளியைக் குவித்தும் சிதறியும் அனுப்பும், ஆகவே பம்ப் ஓடும்போதே அளந்து சராசரி எடுத்ததுதான் சரி. உணரியைக் கையில் பிடித்து வளைக்காமல் கோலில் கட்டி நேராக மேல் நோக்கி வையுங்கள், உங்கள் கை நிழல் விழாமல். 10 டிகிரி சாய்ந்தாலும் எண் மாறும். எந்த நிற அமைப்பில் ஓட்டப் போகிறீர்களோ அதே அமைப்பில் அளக்க வேண்டும் என்பதும் முக்கியம். சில லைட்டில் ஒரு நிறத்தைக் குறைத்தால் மிச்ச மின்சக்தி மற்ற நிறங்களுக்குப் போய்விடும்.

இப்போது ஏற்றும் கணக்கு. ஹேமர் 45 பாரில் பழகியிருக்கிறது. எல்இடி ஏறக்குறைய விகிதத்தில்தான் கூடும், ஆகவே 20 விழுக்காட்டில் நடுக்கல்லில் 60 சுற்றி வரும், மேலே 110. அங்கே தொடங்குங்கள். வாரத்துக்கு 5 விழுக்காடு ஏற்றினால் ஆறு வாரத்தில் 50 வந்துவிடும். ஏற்றும் நாளில் வேறெதையும் மாற்றாதீர்கள், தண்ணீர் மாற்றமும் வேண்டாம், வடிகட்டியில் புதுக் கரியும் போட வேண்டாம். ஏதாவது கெட்டால் எதனால் என்று தெரிய வேண்டும்.

ஹேமர் பகலிலேயே சதையை உள்ளே இழுத்துக்கொண்டு கம்மியாக விரிந்தால், ஜோவா பகல் நடுவில் மூடிக்கொண்டால், மஷ்ரூமின் ஓரம் மேலே மடிந்தால் அந்த வாரம் ஏற்றாதீர்கள். நிறம் வெளிர ஆரம்பித்தால் 10 விழுக்காடு இறக்கி இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்: வெளிச்சம் அதிகமானது இரண்டு மூன்று நாளில் தெரியும், போதாதது தெரிய மாதக்கணக்கில் ஆகும். ஆகவே சந்தேகம் வந்தால் குறைவான பக்கம் நில்லுங்கள்.

மணிக்கணக்கு. ஒரு நாளைக்கு மொத்தம் விழும் வெளிச்சம்தான் முக்கியம். பாரை மணி நேரத்தால் பெருக்கி அதை 0.0036-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மோல் என்று வரும். நடுக்கல்லில் 150 பார், 8 மணி என்றால் 4.3. மேல் கல்லில் 270 பார், 8 மணி என்றால் 7.8, அக்ரோபோராவுக்குப் போதும். முழு வெளிச்சம் 7 மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்குவது, மொத்தம் 10 மணி. அதற்குமேல் நீட்டினால் பவளத்துக்கு ஒன்றும் கிடைக்காது, கண்ணாடியிலும் கல்லிலும் படரும் பாசிக்குத்தான் விருந்து. வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும் என்றால் பிற்பகல் 12-க்குத் தொடங்கி இரவு 10-க்கு முடியுங்கள். இரவில் நீல நிலா வெளிச்சம் விட வேண்டிய அவசியம் இல்லை. ராத்திரி இருட்டாகவே இருக்கட்டும்.

ஜன்னல் வெயில் தொட்டியில் நேராக விழுகிறதா பாருங்கள். நம் ஊர் உச்சி வெயில் 2000 பார் வரை போகும். அதில் பத்தில் ஒரு பங்கு சாய்வாக விழுந்தாலும் உங்கள் கணக்கு முழுக்கத் தவறிவிடும்.

செராஸ் எஸ்பிஎஸ்:

நிறம். ஊதா 400-430, ராயல் நீலம் 450, நீலம் 470. இந்த மூன்றும்தான் முதுகெலும்பு. நீங்கள் போடும் மொத்த வெளிச்சத்தில் பெரும்பங்கு இதுவாக இருக்கட்டும். பவளத்துப் பாசியின் பச்சையங்களும் பெரிடினின் என்ற நிறமியும் இந்தப் பகுதியைத்தான் அள்ளிக் குடிக்கின்றன. கடலில் சிவப்பு சில மீட்டரிலேயே தண்ணீரில் கரைந்துவிடுவதால் பவளங்கள் நீலத்தில் வாழப் பழகியவை. அந்த மூன்றையும் ஒரே விழுக்காட்டில் வைத்து, வெள்ளையை அதில் ஐந்தில் ஒரு பங்காக வைத்து, பச்சையும் சிவப்பும் 3-5 விழுக்காட்டில் நிறுத்துங்கள். சிவப்பைக் கூட்டினால் கண்ணுக்கு மீன் அழகாகத் தெரியும், கண்ணாடியில் பச்சைப் பாசியும் கல்லில் முடிப்பாசியும் அதைவிட வேகமாக வரும்.

வெள்ளையை முழுக்க அணைத்து நீலத்திலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. வளர்ச்சி கெடாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் சதை பின்வாங்குவது, பூச்சி முட்டை, அடியில் வெளுப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வெள்ளையைக் கூட்டி வைத்து ஒவ்வொரு பவளத்தையும் உற்றுப் பாருங்கள். கடையில் வாங்கும்போதும் இதே விதி. நீல வெளிச்சத்தில் எல்லாமே ஜொலிக்கும். கைப்பேசி டார்ச்சை அடித்து வெள்ளையில் காட்டச் சொல்லுங்கள். பழுப்பாக இருந்தால் பரவாயில்லை, அது பாசி நிறைந்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி மாதிரி வெளிறி எலும்பு தெரிந்தால் வாங்காதீர்கள். முடிந்தவரை தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டாக வாங்குங்கள். அது லைட்டுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். கல்பவளங்கள் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் இருப்பவை என்பதால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் நம் கடமை.

வெளிச்சம் ஏற ஏறப் பவளம் எலும்பு கட்டும் வேகமும் ஏறும், ஆல்கலினிட்டி இறங்கத் தொடங்கும். இந்த ஆறு வாரமும் வாரம் இருமுறை அளந்து 8-8.5-இல் பிடித்து வையுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூச்சியத்துக்கு இறக்கிவிடாதீர்கள். உணவும் இல்லை, வெளிச்சமும் அதிகம், ஆல்கலினிட்டி 10-க்கு மேல் என்றால் அக்ரோபோராவின் நுனி வெள்ளையாகக் கருகும். மணலில் பழுப்பு நிறச் சளி குமிழியோடு படரும் டைனோ என்ற நுண்பாசியும் அந்தப் பூச்சியத்தில்தான் வரும். உங்கள் இப்போதைய 8-உம் 0.06-உம் நல்ல எண்கள், அப்படியே காப்பாற்றுங்கள்.

சிம்பாங் அம்பாட் கடல்மீன்:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் தொட்டியில் மீன் குதிக்கிறது என்பதால் மேலே மூடி இருக்கிறது. மூடியோடு அளப்பதா, இல்லாமலா? கண்ணாடி மூடி நல்லதா, வலையா?

பட்டர்வொர்த் வயரிங்:

மூடி எப்போதும் இருக்கும் என்றால் மூடியோடுதான் அளக்க வேண்டும். சுத்தமான கண்ணாடியே சுமார் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், உப்புக் கறை படிந்தால் அதற்கும் மேல். ஆவியாவதையும் தடுப்பதால் கண்ணாடி மூடி போட்ட தொட்டி கூடுதலாகச் சூடேறும். நம் வெப்பத்துக்கு 6 மில்லிமீட்டர் கண் உள்ள தெளிவான வலைதான் சரி. கறுப்பு வலை வேண்டாம், நிழல் அதிகம்.

லைட்டின் அடிக் கண்ணாடியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, லைட்டை அணைத்து ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புக் கறை விடாவிட்டால் சமையல் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரால் துடைக்கவும். கண்ணாடி சுத்திகரிக்கும் அம்மோனியா திரவம் வேண்டாம், அக்ரிலிக் லென்ஸில் வெடிப்பு விழும். விசிறியின் தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிய தூரிகையால் எடுங்கள். நீண்ட நாள் துடைக்காமல் விட்டுத் திடீரென்று சுத்தம் செய்தால் வெளிச்சம் ஒரே நாளில் கூடிவிடும். அப்படிச் செய்த அன்று லைட்டை 10 விழுக்காடு இறக்கி வைத்து, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.